வெட்டிய சொல்லும் விட்டுவைத்த சொல்லும்

இரண்டு கிழமைக்கு முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தம்பிராசா அண்ணை வீட்டில் ஒரு சொல் காணாமல் போனது.

களவு போகவில்லை. பதினைந்து இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, ரீவிப் பெட்டிக்குள்ளேயே காணாமல் போனது.

வட்டக்கச்சியில் எங்கள் ஒழுங்கைக்கு இருக்கும் ஒரே ரீவி அண்ணையுடையதுதான். மருமகன் சவூதியிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. ரக்ரர் பற்றறியில் ஓடும். உழவு நாளில் எங்களுக்குப் படம் இல்லை! ஆனால் ஞாயிற்றுக்கிழமை தமிழ் நாடகம் என்றால் விறாந்தை நிறைந்து, முற்றத்திலும் பாய் விரித்துவிடுவார்கள். எனக்கு மட்டும் ஒரு கதிரை. ரீச்சர் அல்லவா?

நாடகத்தில் ஒரு குடிகாரப் புருஷன். பெண்சாதியைப் பார்த்து "எடியே..." என்று தொடங்கினான். அவ்வளவுதான். வாய் அசைகிறது, கை ஆடுகிறது, சத்தத்தைக் காணோம்.

தம்பிராசா அண்ணை எழும்பிப்போய்ப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பற்றறி இறங்கிப்போச்சுப் போல..."

"பற்றறி இல்லை அண்ணை. அந்தச் சொல்லை வெட்டியிருக்கினம்" என்றேன்.

"ஏனாம்?"

"கெட்ட வார்த்தையாம்."

"என்ன வார்த்தையாம்?" - இது குசினி வாசலில் நின்ற அவருடைய மனைவி இராசம்மா அக்கா.

அங்கே தொடங்கியது பிரச்சினை. ஆளாளுக்கு யோசித்தார்கள். உதடு இப்படிக் குவிந்ததே, அப்படியென்றால் இதுவாக இருக்குமோ? இல்லை, பல்லுத் தெரிந்ததே... ஆம்பிளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணையின் ஏழு வயதுப் பேத்தி துள்ளி எழும்பி, "எனக்குத் தெரியும்! எனக்குத் தெரியும்!" என்று அந்தச் சொல்லை மணிமணியாகச் சொன்னாள். முதுகில் ஒன்று விழுந்தது.

வெட்டியவர் வெட்டாமல் விட்டிருந்தால் அந்தச் சொல்லை நாங்கள் ஒரு தடவைதான் கேட்டிருப்போம். வெட்டியதால் விறாந்தை முழுக்க அதுதான் ஓடியது.

சரி, இது சிரித்துவிட்டுப் போகிற கதை. அடுத்தது அப்படியல்ல.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். பணக்கார வீட்டுக் காட்சி. வேலைக்காரன் தேத்தண்ணித் தட்டைக் கொண்டுவரும்போது கால் தடக்கிக் கொட்டிவிடுகிறான். வீட்டுக்கார அம்மா எழும்பி நின்று கத்துகிறா.

"தோட்டக்காட்டான்! உனக்கு அறிவிருக்கோ?"

இந்தத் தடவை சத்தம் நிற்கவில்லை. வாயசைவும் ஒலியும் பிசகாமல், கோயில் மணி மாதிரிக் கணீரென்று வந்தது. விறாந்தை வெடித்துச் சிரித்தது. வேலைக்காரன் நிலத்தைத் துடைத்தபடி முழுசினான். இன்னொரு தடவை சிரிப்பு.

நானும் சிரித்தேன்.

பொய் சொல்லக் கூடாது. முதலில் சிரித்தேன். பிறகுதான், தோட்டத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்திருந்த முத்தம்மா ஞாபகத்துக்கு வந்தா. அதன் பிறகு அந்த நாடகம் எப்படி முடிந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ரீவி நிலையத்தில் ஓர் அறைக்குள் ஓர் ஆள் இருப்பார் என்று வைத்துக்கொள்வோம். படித்தவர், பிள்ளை குட்டிக்காரர். அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். உடம்பைப் பற்றிய சொல் வந்தால் வெட்டு. தாயைப் பற்றிய சொல் வந்தால் வெட்டு. அவருடைய பிள்ளைகளின் காதில் விழக்கூடாத சொல் ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் இருக்கும்.

ஆனால் அவருடைய பிள்ளையைப் பார்த்து ஒருவரும் ஒருநாளும் சொல்லப்போகாத சொல்? அது எப்படிப் பட்டியலில் ஏறும்? அவருக்கு அது ஒரு சொல்லாகவே கேட்டிருக்காது.

அவரைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பட்டியலை ஒருகாலத்தில் நானும் கையில் வைத்திருந்தவள். சொல்கிறேன்.

முத்தம்மாவும் அவவின் புருஷன் இராமையாவும் எழுபத்தேழு இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தை எரித்துவிட்டார்கள். உடுத்த உடுப்போடு, ஒரு பொம்பிளைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, லொறி ஏறி வவுனியாவுக்கு வந்து, பிறகு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். தம்பிராசா அண்ணைதான் தன் வயல் கரையில் கொட்டில் போட இடம் கொடுத்தார். தடியும் கிடுகும்கூடக் கொடுத்தார். அதையும் சொல்லத்தானே வேண்டும்?

எங்கள் குடும்பமும் பிறத்தியிலிருந்து வந்ததுதான். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுத் தண்ணீரை நம்பி வந்து காடு வெட்டியவர். ஆனால் எங்களை ஒருவரும் 'வந்தவர்கள்' என்று சொல்வதில்லை. எங்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் இருந்தது. அவர்களுக்குக் கொட்டில் இருந்தது.

இராமையா அதிகம் வாய் திறக்காத மனுசன். திறந்தால் மரியாதைதான் வரும். வாய்க்காலுக்குள் இறங்க மறுக்கும் எருமையைக்கூட "வாங்க சாமி, வாங்க" என்று கூப்பிடுவார். அவர் வரம்பு கட்டினால் மழைக்குக் கரையாது. முத்தம்மா நேர் எதிர். நாலு வயல் தள்ளிக் களை பிடுங்கினாலும் அவவின் சிரிப்புக் கேட்கும். பின்னேரத்தில் பொன்னாங்காணி ஒரு பிடி கொண்டுவந்து என் குசினி யன்னலில் வைத்துவிட்டு, "டீச்சர், கீரை" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவா. அவர்களுடைய மகள் செல்வி என் வகுப்பில் இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி.

நாலு வருஷத்துக்கு முந்தி, மாரிக் காலம் முடிந்த கையோடு, இராமையாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. முத்தம்மா அவரைக் கைத்தாங்கலாக எங்கள் பக்கத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தா.

டொக்டர் இல்லாத அந்த இடத்துக்கு அப்போதிக்கரிதான் டொக்டர். கைராசிக்காரர் என்று பெயர். என் அம்மாவுக்கு அப்போது மூச்சிழுப்புக் கடுமை. கிழமைக்கு ஒருதடவை மருந்து வேண்டும். நான் போனால் பக்கக் கதவால் உள்ளே கூப்பிட்டு, வரிசையில் நிற்கவிடாமல், மருந்தைத் தந்துவிடுவார்.

அன்றைக்கும் நான் உள்ளேதான் நின்றேன். வெளியே வெயிலில் முப்பது நாற்பது பேர் வரிசை. இராமையா வரிசையின் நடுவில், நிலத்தில் குந்தியிருந்தார். நடுக்கத்தில் பல் அடிக்கும் சத்தம் உள்ளே கேட்டது.

முத்தம்மா யன்னலடிக்கு வந்தா. "ஐயா, இவருக்கு ரொம்ப முடியலைங்க. கொஞ்சம் முன்னாடி பார்த்து விடுங்கய்யா."

அப்போதிக்கரி நிமிர்ந்து பார்க்கவில்லை. போத்தலில் தண்ணி மருந்து வார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டக்காடெல்லாம் கடைசியில வாங்கோ. முதல்ல ஊர்ச்சனம்" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. அதைத்தான் இப்போதும் யோசிக்கிறேன். 'மழை வரும்போல' என்று சொல்கிற குரலில் சொன்னார். வரிசையில் யாரோ ஒருவர் சிரித்ததும் கேட்டது.

முத்தம்மா யன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தா. பிறகு ஒரு சொல் சொன்னா.

அந்தச் சொல்லை இங்கே எழுத ஏலாது. எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார், வெட்டத்தான் வேண்டும். அப்போதிக்கரியின் தாயையும் அவர் பிறந்த விதத்தையும் பற்றிய சொல். அப்படியொரு சொல்லை ஒரு பெண் வாயிலிருந்து, பட்டப்பகலில், அவ்வளவு உரத்து நான் அதற்கு முந்திக் கேட்டதில்லை. அப்போதிக்கரியின் கையிலிருந்த புனல் கீழே விழுந்தது.

முத்தம்மா புருஷனைத் தூக்கி நிறுத்தினா. இருவரும் மருந்து வாங்காமலே நடந்தார்கள்.

நான் பக்கக் கதவால் என் அம்மாவின் மருந்தோடு வீட்டுக்குப் போனேன்.

அந்தக் காய்ச்சல் இராமையாவுக்கு எப்படியோ விட்டது. ஆனால் ஊருக்கு ஏறிவிட்டது. அப்போதிக்கரி கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்காவிட்டால் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று. அவர் போனால் மருந்துக்குக் கிளிநொச்சி டவுனுக்கு ஓட வேண்டும். ஊர் பயந்தது. சங்கத் தலைவர் தம்பிராசா அண்ணை. செயலாளர்... நான்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில், என் வகுப்பறையிலேயே நடந்தது. சின்னப் பிள்ளைகளின் வாங்கில் பெரிய ஆம்பிளைகள் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார்கள். முத்தம்மா கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றா. இராமையா கதவடியில், துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு. ஒருவரும் அவர்களை இருக்கச் சொல்லவில்லை.

தம்பிராசா அண்ணை தொண்டையைச் செருமினார். "முத்தம்மா, நீ சொன்னது தூஷணம். பொது இடத்தில ஒரு பெரிய மனுசனைப் பார்த்து அப்பிடிச் சொல்லலாமோ? ஐயாட்டை மன்னிப்புக் கேள். பிரச்சினை முடிஞ்சுது."

"கேக்குறேங்க" என்றா முத்தம்மா. "நான் சொன்னது தப்புத்தாங்க. அந்தம்மா, ஐயாவோட அம்மா, என்ன பாவம் பண்ணினாங்க? மன்னிச்சுக்கங்கய்யா." கையெடுத்துக் கும்பிட்டா.

அப்போதிக்கரி தலையாட்டினார். சனம் எழும்பப் பார்த்தது.

"ஐயா சொன்னதுக்கு யாருங்க கேப்பாங்க?" என்றா முத்தம்மா.

எழும்பியவர்கள் திரும்ப இருந்தார்கள்.

"ஐயா என்ன சொன்னவர்?" என்றார் தம்பிராசா அண்ணை. உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை. "அவர் தூஷணம் ஒண்டும் சொல்லேல்லையே? தோட்டக்காடு எண்டு சொன்னவராம். நீங்கள் தோட்டத்திலயிருந்து வந்த ஆக்கள்தானே? உள்ளதைத்தானே சொன்னவர்?"

"உள்ளதைச் சொல்லலீங்க. எங்களை நாய்ங்கன்னு சொன்னாரு. எம் புருஷனுக்குப் பேரு இருக்குங்க. காய்ச்சல் இருந்துச்சுங்க. அவரு எங்கேருந்து வந்தாருங்கிறதா அங்க சமாச்சாரம்?"

முத்தம்மா என் பக்கம் திரும்பினா.

"டீச்சர், நீங்க அங்க இருந்தீங்க. கேட்டீங்க. நான் சொன்னதை எழுதுறீங்கள்ல? அதையும் எழுதுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதிக்கரியும் பார்த்தார். அவருடைய பார்வையில் மிரட்டல் ஒன்றும் இல்லை, சத்தியமாக. அம்மாவின் இழுப்பு எனக்கு ஞாபகம் வந்தது. பக்கக் கதவு ஞாபகம் வந்தது.

நான் தலையைக் குனிந்து கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் திகதியை எழுதினேன். ஏற்கெனவே எழுதியிருந்த திகதிக்கு மேலேயே இன்னொரு தடவை எழுதினேன்.

தம்பிராசா அண்ணை "பாத்தியளே, ரீச்சரே ஒண்டும் சொல்லேல்லை" என்று கூட்டத்தை முடித்தார்.

கதவடியில் நின்ற இராமையா துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனார்.

பிறகு கீரை வரவில்லை. செல்வியும் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்தினாள். அடுத்த வருஷம், பூநகரிப் பக்கம் ஜெயபுரத்தில் மலையகச் சனத்துக்குக் காடு வெட்டிக் குடியேற இடம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அவர்கள் போய்விட்டார்கள். போகும்போது சொல்லிக்கொள்ள வரவில்லை. ஏன் வரவேண்டும்?

ரீவியில் அந்தச் சொல் கணீரென்று கேட்ட மறுநாள், நான் சங்கத்து அலுமாரியைத் திறந்து பழைய கூட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள்.

'இராமையா மனைவி முத்தம்மா என்பவர் பொது இடத்தில் .......... எனத் தகாத வார்த்தை பேசியமைக்குச் சபை முன்னிலையில் வருத்தம் தெரிவித்தார்.'

பத்துப் புள்ளி. எண்ணிப் பார்த்தேன். அவ சொன்ன சொல்லுக்காவது புள்ளி வைத்திருக்கிறேன். அவர் சொன்ன சொல்லுக்கு அதுவும் இல்லை.

புத்தகத்தைத் தம்பிராசா அண்ணையிடம் கொண்டுபோனேன். "அண்ணை, இதிலை ஒரு வரி விட்டுப்போச்சு. சேர்க்கட்டோ?"

வாசித்துப் பார்த்தார். "ஏன் ரீச்சர் பழசைக் கிளறுறியள்? அந்த அப்போதிக்கரியும் இடம் மாறிப் போயிட்டார். உதுகளும் ஊரைவிட்டுப் போயிட்டுதுகள். நல்ல சனம். வாய்தான் கொஞ்சம்..."

"அப்ப எங்கட வாய், அண்ணை?"

அவர் புத்தகத்தை மூடித் தந்தார். நானும் விட்டுவிட்டேன். வயதுபோன மனுசனோடு கொளுவி என்ன காணப்போகிறேன் என்று பட்டது. நான் எப்போதும் அப்படித்தான் - எனக்குச் சொல்ல ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும்.

ஆனால் புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன்.

ஜெயபுரம் தூரம். கிளிநொச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. அதுவும் இந்த நாட்களில் வந்தால்தான் பஸ். வழியில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, வரிசையில் நிறுத்தி, பையைத் திறக்கச் சொன்னார்கள். நான் எடுத்துப்போன சீனியையும் தேயிலையையும் கொட்டிக் கிண்டினார்கள். கிண்டியவருக்கு வயது இருபதுக்குள்தான் இருக்கும். முடிந்ததும் எங்களை ஒரு சொல்லால் கூப்பிட்டு, ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்.

என்ன சொல்? எங்கள் இனத்தின் பெயர்தான். அகராதியில் பார்த்தால் ஒரு குற்றமும் இல்லாத சொல். எந்த ரீவியிலும் வெட்டமாட்டார்கள். ஆனால் அவர் சொன்ன விதத்தில் என் காது இரண்டும் எரிந்தன. பஸ்ஸில் ஏறி வெகுநேரம் ஒருவரும் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. என் வாய்க்குள் ஒரு சொல் முட்டிக்கொண்டு நின்றது. நாலு வருஷத்துக்கு முந்தி முத்தம்மா சொன்ன அதே சொல். விழுங்கினேன்.

கடைசி மூன்று நாலு மைல் ஒரு ரக்ரர் பெட்டியில். இருபக்கமும் எரித்த மரக்குற்றிகள். நடுநடுவே மண் சுவர் வீடுகள். கச்சான், அதுதான் நிலக்கடலை, போட்டிருந்தார்கள். பெயர் சொன்னதும் ஒரு கிழவர் வீட்டைக் காட்டினார்.

முத்தம்மா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தா. மெலிந்திருந்தா. என்னைக் கண்டதும் சுளகை வைத்துவிட்டு எழும்பினா.

"வாங்க டீச்சர்" என்றா. சிரிக்கவில்லை. முகத்தைச் சுளிக்கவும் இல்லை.

"எப்பிடி இருக்கிறியள் முத்தம்மா?"

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தா. எனக்கு விளங்கியது. முந்தி நான் அவவை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். அவ எனக்குப் பத்து வயது மூப்பு.

செல்வி உள்ளேயிருந்து வந்தாள். பெரிய பெண்ணாகிவிட்டாள். பாலில்லாத சாயத் தண்ணியும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"இராமையா வேலைக்குப் போட்டாரோ?" என்று கேட்டேன்.

"அவரு செத்துப்போயிட்டாருங்க."

கோப்பை என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்க எனக்கு இடம் தெரியவில்லை.

"முந்தின வருஷம் மழைக்கு. அதே காய்ச்சல்தாங்க" என்றா முத்தம்மா. சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. "இங்கிட்டும் மருந்து குடுக்கிற எடம் இருக்குங்க, ரெண்டு மைலுல. வாங்க போவோம், வாங்க போவோம்னு மூணு நாளு கெஞ்சினேன். வரமாட்டேன்னுட்டாரு."

"ஏன்?"

"போனா மொதல்ல எங்கேருந்து வர்றேன்னு கேப்பாங்கன்னாரு. நான் சொன்னேன், எல்லா எடமும் அப்படி இருக்காதுங்கன்னு. அதுக்கு அவரு..." சுளகிலிருந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தா. "'நான் போவேன். அவங்க ஏதாச்சும் சொல்லுவாங்க. நீ சும்மா இருக்கமாட்ட. மறுபடி உன்னைக் கூட்டத்துல நிக்க வச்சுக் கும்பிட வைப்பாங்க. அதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது'ன்னாரு."

உள்ளே செல்வி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"நாலாம் நாளு நெனைவு தப்பிருச்சு. டிராக்டருல போட்டுக்கிட்டுக் கிளிநொச்சிக்குப் போனோம். பாதி வழியில 'வாங்க சாமி'ன்னு யாரையோ கூப்பிட்டாரு. அவ்வளவுதாங்க."

நான் அழுதேன். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அழுவது எனக்கு எப்போதும் நன்றாக வரும்.

முத்தம்மா அழவில்லை. ஒரு செம்பில் தண்ணி கொண்டுவந்து தந்தா. நான் முகம் கழுவும்வரை பக்கத்தில் நின்றா. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவவே ஞாபகப்படுத்தினா. படலைவரைக்கும் கூட வந்தா. அங்கே நின்று நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கடைசியில் வாயில் வந்தது ஒரு வரிதான்.

"முத்தம்மா, அண்டைக்குக் கூட்டத்தில நடந்ததுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. கிண்டலாகப் பார்க்கவில்லை. கோபமும் இல்லை. உண்மையிலேயே யோசித்து, உண்மையாகவே பதில் சொன்னா.

"நான் ஒரு வார்த்தை பேசினேன், மன்னிப்புக் கேட்டேன். நீங்க எதுக்குங்க கேக்கணும்? நீங்கதான் அன்னைக்கு ஒண்ணுமே பேசலையே டீச்சர்."

சும்மா சொல்லக்கூடாது... ஒருநாளும் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராத ரீச்சர் என்று எனக்கு ஊரில் நல்ல பெயர்.